பெயர் அழித்த படம்

வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் திடீரென்று நல்லவர்களாகிவிட்டால் உடனே சந்தேகப்பட வேண்டும். எனக்கு அந்தப் புத்தி இல்லாமல் போயிற்று.

என் பெயர் இனாயாத். அலெக்ஸாண்ட்ரியாவில் ஒரு மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுக்கிறேன். இந்த ஊரில் இன்றைக்கு ஸ்டெதஸ்கோப்பை மாலை மாதிரி மாட்டிக்கொண்டு திரிகிற பாதிப் பேருக்கு இதயத்தை வெட்டித் திறந்து காட்டியவள் நான்தான். எனக்கு வாய் நீளம். துறைத் தலைவரிலிருந்து வாசலில் தக்காளி விற்கிறவன் வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் கிடையாது. என் கணவர் ரிஃபாத் துறைமுகச் சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் இருவரும் சண்டை போடாத நாள் என்று ஒன்று இருந்தால் அது அவர் வெளியூர் போன நாளாகத்தான் இருக்கும். எங்களுக்கு அது பழகிப்போன விஷயம். காலையில் ரொட்டி வாங்கப் போவது யார் என்பதில் தொடங்கி, படுக்கும்போது ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில் முடியும்.

அப்பேர்ப்பட்ட மனிதர் மூன்று வாரமாக எதற்கெடுத்தாலும் "சரி" என்றார். ஜன்னலைத் திற என்றால் திறந்தார். மூடு என்றால் மூடினார். மன்ஷிய்யா சந்தைக்கு அவரே போய்க் காய்கறி வாங்கி வந்தார், அதுவும் வாடாத காய்கறி. தனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார் என்று சொல்லி, அடுப்படியையும் அவரே பிடித்துக்கொண்டார். முலூக்கிய்யா கீரை உப்பில்லாமல் சப்பென்று தொண்டையில் இறங்கியது. "உனக்கு அழுத்தம்னா நான் ஏன்யா வைக்கோல் தின்னணும்?" என்று கத்தினேன். "நீ சொல்றது நியாயம்தான்," என்றார் அந்த மனிதர். எனக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருந்தது. இத்தனை காலம் கழித்து இந்த வீட்டில் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். மடச்சி.

மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். என் மகள் நெஸ்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, திரைச்சீலை, பாத்திரம், படுக்கை விரிப்பு என்று கடைகடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். படி ஏறும்போதெல்லாம் எனக்குக் கீழ்த்தாடை வலித்தது. நின்றால் நின்றுவிடும். பல் என்று நினைத்துப் பல் டாக்டரிடம் போனேன். அந்தப் பையன் பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பல்லுல ஒண்ணும் இல்ல, டாக்டரம்மா. நெஞ்சைக் காட்டுங்க," என்றான். சிரித்துவிட்டேன். ஆனாலும் போனேன், ஹாஸிமிடம்.

ஹாஸிம் இப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் பெரிய இதய டாக்டர். என் பழைய மாணவன். வாய்மொழித் தேர்வில் வலப்பக்கக் குழாயை இடப்பக்கக் குழாய் என்று காட்டி என்னிடம் தோற்று, மறுபடி வந்து பாஸ் பண்ணியவன். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, சாயம் செலுத்திப் படம் எடுத்தான். எனக்கு மயக்க மருந்தில் பாதித் தூக்கம். கண் விழித்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மல்லிகைப்பூ மாதிரி இருக்கு, டாக்டரம்மா. கல்யாண அலைச்சல், வாயு, அவ்வளவுதான்," என்றான். படத்தைக் கொடு, பார்க்கிறேன் என்றேன். பதிவு செய்கிற இயந்திரம் கெட்டிருக்கிறது, அனுப்பி வைக்கிறேன் என்றான். நம்பினேன். நான் வளர்த்த பையன் என்னிடம் பொய் சொல்வான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள், இரண்டாம் வருஷத்து வகுப்பு. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் பற்றிய பாடம். ஒவ்வொரு வருஷமும் ஹாஸிமின் பிரிவிலிருந்து பத்துப் பன்னிரண்டு புதுப் படங்கள் வரும், நோயாளியின் பெயரை அழித்துவிட்டு. அவனுடைய ஜூனியர் ஒருவன் காலையில்தான் பென்டிரைவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

"கேளுங்க," என்றேன் பிள்ளைகளிடம். "ஊருக்கெல்லாம் ரத்தம் அனுப்புற இதயம், தனக்குள்ள நிறைஞ்சு நிக்கிற ரத்தத்துல ஒரு மடக்குக்கூடக் குடிக்காது. மகாதமனி கிளம்புற இடத்துல, வால்வுக்குக் கொஞ்சம் மேல, ரெண்டு சின்னக் குழாய் இருக்கு. அது வழியா வர்றதுதான் அதோட சாப்பாடு. அதையும் சுருங்குறப்ப முழுசா வாங்கிக்க முடியாது, தளர்றப்பதான் கிடைக்கும். எல்லாருக்கும் போட்டுட்டு, கடைசியா அடுப்படியில நின்னுக்கிட்டே தின்னுற உங்க அம்மா மாதிரி."

சிரித்தார்கள். திரையில் முதல் படத்தை ஓடவிட்டேன். சாம்பல் நிறத்தில் ஒரு நெஞ்சு. சாயம் பீய்ச்சியதும் கறுப்பாக ஒரு மரம் கிளைவிட்டுத் தோன்றும், கரையும், மறுபடி தோன்றும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

"மய்யாதா, நீ படி," என்றேன். முன்வரிசையில் இருக்கும் கெட்டிக்காரப் பெண் அவள்.

எழுந்து வந்து குச்சியால் காட்டினாள். "இது இடப்பக்கத் தண்டு, டாக்டரம்மா. நக நீளத்துக்கு ஒத்தையா வந்து ரெண்டாப் பிரியுது. ஒண்ணு முன்பக்கமா இறங்குது. இன்னொண்ணு சுத்திப் பின்பக்கம் போகுது." குச்சி நின்றது. "ஆனா பிரியறதுக்கு முன்னாடியே தண்டு சுருங்கியிருக்கு. ரொம்பவே. நூல் மாதிரிதான் சாயம் போகுது."

"அதனால?"

"இங்க அடைச்சா ரெண்டு கிளையும் போச்சு. இடப்பக்கம் முழுக்கப் போச்சு. இதை விதவையாக்கின்னு சொல்வாங்க."

"அடேயப்பா!" என்றேன். எனக்கு அன்றைக்கு நல்ல உற்சாகம். காலையில்தான் ரிஃபாத்தை இரண்டு விஷயத்தில் மடக்கியிருந்தேன். "யாரு இந்த மகராசன்? வீட்டம்மா துக்கத்துக்குக் கறுப்புத் துணி தைக்கக் கொடுத்தாச்சாமா? இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு டிராம் பிடிக்க ஓடியிருப்பான் பாருங்க, முட்டாப்பய!"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அடுத்த கோணத்தைப் போட்டேன். அங்கே, மரத்துக்கு இடப்பக்கம், விலா எலும்பின் மேல், ஒரு சின்னத் துணுக்கு இருந்தது. ஆணியின் முனையை ஒடித்து வளைத்த மாதிரி ஒரு துண்டு. இதயம் துடித்தது, கிளைகள் அசைந்தன, அது மட்டும் அசையவில்லை.

சூயஸில் நாங்கள் இருந்தபோது தெருவில் குண்டு விழுந்தது. எனக்கு நான்கு வயது. அந்த மாதமே ஊரைக் காலிசெய்து அலெக்ஸாண்ட்ரியாவுக்கு வந்துவிட்டோம். என் மார்பில் பாய்ந்த இரும்புத் துணுக்கை, எடுத்தால்தான் ஆபத்து என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு எக்ஸ்ரேயிலும் அது இருக்கும். என் மூக்கைப் போல அது எனக்குத் தெரியும்.

பெயரை அழித்துவிட்டார்கள். பெயரை அழித்தால் ஆள் இல்லை என்று நினைக்கிற புத்தி எங்கள் தொழிலுக்கு மட்டும்தான் வரும். பிண மேஜையில் தொடங்கி எங்களுக்கு அதுதான் பழக்கம்.

மேஜையைப் பிடித்துக்கொண்டேன். பயத்தால் இல்லை, சத்தியமாக இல்லை. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மூன்று வாரம்! "இன்னைக்கு இவ்வளவுதான், போங்க," என்றேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள்.

மய்யாதா மட்டும் நின்றாள். "டாக்டரம்மா, இவர் இப்ப உயிரோட இருக்காரா?"

"இருக்கா," என்றேன். "பொம்பள."

ஹாஸிமின் அறை அடுத்த கட்டடத்தில் மூன்றாவது மாடி. வழக்கமாகப் படியில் ஏறுவேன். அன்றைக்குப் படிக்கட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். வாழ்நாளில் முதல் முறையாக ஒரு படிக்கட்டு என்னை மிரட்டியது. லிஃப்டுக்குக் காத்திருந்த அந்த நேரத்தில் என் கோபம் இரண்டு மடங்காயிற்று.

அவன் யாரோ ஒரு கிழவரின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் கிழவரிடம், "கொஞ்சம் வெளிய இருங்க, ஹாஜ்," என்றான்.

"என் மல்லிகைப்பூவைப் பாத்துட்டு வர்றேன்," என்றேன். "நல்லா மணக்குது."

முகம் வெளுத்துப்போய்விட்டது அவனுக்கு. "டாக்டரம்மா, முதல்ல உக்காருங்க..."

"உக்காரச் சொல்லாதே! நின்னா செத்துடுவேன்னு பயமா? மூணு வாரம் கடைகடையா ஏறினேனே, அப்ப எங்கடா போச்சு இந்த அக்கறை? முப்பது பிள்ளைங்க முன்னாடி என் நெஞ்சைப் போட்டு நானே கேலி பண்ணினேன். அவன் வீட்டம்மா கறுப்புத் துணி தைச்சாச்சான்னு கேட்டேன். யாரைக் கேட்டேன் தெரியுமா? என்னை!"

"அந்தப் படம் அதுல போயிருக்கக்கூடாது. ஜூனியர் பையன் அந்த வாரத்துப் படத்தையெல்லாம் மொத்தமா..."

"போனதைக் கேக்கல. மறைச்சதைக் கேக்கறேன்."

கதவைச் சாத்தினான். பிறகு சொன்னான். படம் எடுத்தவுடன் வெளியே வந்து ரிஃபாத்திடம் சொல்லியிருக்கிறான். ரிஃபாத் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அவளிடம் சொல்லாதே, பயத்திலேயே போய்விடுவாள், கல்யாணம் முடியட்டும் என்றாராம். கல்யாணத்துக்கு அடுத்த வாரம் அறுவை சிகிச்சைக்கு நாள்கூடக் குறித்துவிட்டார்களாம், இரண்டு ஆண்களும்.

"உண்மையில தள்ளிப்போடவே கூடாது, டாக்டரம்மா. நான் சொன்னேன். மாத்திரை கொடுத்துச் சமாளிக்கலாம், அவங்க அலையாம பாத்துக்கங்கன்னு..."

"வயசானா எல்லாரும் போடுறதுதான்னு நீ எழுதிக் கொடுத்த மாத்திரையா?"

அதேதான் என்று தலையாட்டினான்.

"நாள் குறிச்சீங்க, சரி. அன்னைக்கு என்கிட்ட என்ன சொல்லிக் கூட்டிட்டுப் போறதா இருந்தீங்க? டான்சில் எடுக்கப் போறோம்னா?"

"நம்ம ஊர்ல யாரு நோயாளிகிட்ட முதல்ல சொல்றாங்க? நீங்களே சொல்லுங்க. முதல்ல வீட்டுக்காரங்ககிட்டதான். எல்லாரும் அப்படித்தான் செய்யறோம். உங்க மேல இருக்கற மரியாதையிலதான்..."

"மரியாதையா!" என் குரல் வராந்தா வரைக்கும் போயிருக்கும். போகட்டும். "இதயம் எங்க இருக்குன்னு உனக்குக் காட்டினதே நான்டா. உனக்கே தெரியாததை உனக்குச் சொன்னேன். எனக்கு உள்ள இருக்கறதை நீ எனக்குச் சொல்லல. நான் தோத்துப்போக வச்சப்பவே உன்னை அப்படியே விட்டிருக்கணும்."

அவன் கண் கலங்கியது. கலங்கட்டும். நான் இரங்கவில்லை. அசல் படத்தை வாங்கிக்கொண்டு, எவ்வளவு சீக்கிரம் அறுவை செய்ய முடியும் என்று கேட்டேன். இந்த வாரமே என்றான். அப்படியே வை என்று சொல்லிவிட்டு டாக்சி பிடித்தேன்.

எங்கள் வீடு நான்காவது மாடி. லிஃப்ட் என்ற பெயரில் ஒரு கூண்டு இருக்கிறது, ஓடாது. இரண்டாம் மாடி திரும்பும் இடத்தில் தாடை இறுக்கிக்கொண்டது. அங்கே ஒரு மர நாற்காலி கிடந்தது. கொஞ்ச நாளாகவே கிடக்கிறது. மேல்வீட்டுக் கிழவர் மூச்சு வாங்குகிறார், பாவம், அதனால் போட்டேன் என்று ரிஃபாத் சொல்லியிருந்தார். நானும் ஊருக்கு உபகாரம் செய்கிற புருஷன் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். மேல்வீட்டுக் கிழவர் மகன் வீட்டுக்குப் போய் ஆறு மாதமாகிறது என்பது இப்போதுதான் உறைத்தது. அந்த நாற்காலியை எட்டி உதைத்து உருட்டிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் உட்கார்ந்தேன். உட்கார வேண்டியிருந்ததே என்றுதான் எனக்கு இன்னும் வயிறெரிந்தது.

ரிஃபாத் அடுப்படியில் சுரைக்காய்ப் பிஞ்சுகளைக் குடைந்து அரிசி அடைத்துக்கொண்டிருந்தார். இடுப்பில் என் ஏப்ரன்.

"உப்புப் போட்டாச்சா?" என்றேன்.

"எனக்குத்தான் அழுத்தம்..."

"உனக்கு அழுத்தமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!" படம் இருந்த உறையை அரிசிக் கிண்ணத்தின் மேலேயே போட்டேன். "எடுத்துப் பாரு. உனக்குத்தான் முதல்ல காட்டினாங்களாமே. நல்லாப் படிக்கத் தெரியுமா உனக்கு?"

உறையைப் பார்த்தார். கையிலிருந்த சுரைக்காய் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு நான் சொன்னதையெல்லாம் எழுத முடியாது. பக்கத்து வீட்டில் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். நீ எனக்குப் புருஷனா காவல்காரனா என்றேன். கல்யாணத்தன்று நான் விருந்து மேஜையில் விழுந்திருந்தால் பாட்டை நிறுத்தியிருப்பாயா, கல்யாணம் முடியட்டும் என்று மேஜைத்துணியால் மூடியிருப்பாயா என்றேன். சாகப்போகிறவளுக்குச் சொத்துக் கணக்கு இருக்கும், மகளிடம் சொல்ல நாலு வார்த்தை இருக்கும், தொழ நேரம் வேண்டும், எல்லாவற்றையும் நீ திருடிவிட்டாய் என்றேன்.

"நீ சொல்றது சரிதான்," என்றார்.

"சரிங்காதே!"

"சரி."

"எதிர்த்துப் பேசு! எப்பவும் பேசுவியே, இப்ப என்ன வந்தது?"

"உனக்குக் கோபம் வரவைக்கக்கூடாதுன்னு ஹாஸிம் சொல்லியிருக்கான்," என்றார் மெதுவாக.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஜன்னல், ரொட்டி, கீரை. மூன்று வாரமாக நான் ஜெயித்த ஒவ்வொரு சண்டையும். அவர் எனக்குத் தோற்கவில்லை. படுக்கையில் கிடக்கிறவளிடம் யாரும் வாதாடமாட்டார்களே, அந்த மாதிரி என்னை ஏற்கெனவே படுக்க வைத்துவிட்டார். நான் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கும்போதே! நோயைவிட அதுதான் என்னைச் சுட்டது. அவமானமாக இருந்தது எனக்கு.

நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் என் முன்னால் வந்து குந்தினார். "நெஸ்மாவுக்குத் தெரியாது. அல்லாஹ் மேல ஆணை, அவகிட்ட நான் சொல்லல. பத்தே நாள், இனாயாத். மருதாணி ராத்திரி, கல்யாணம், அவ்வளவுதான். அதுவரைக்கும் அவகிட்ட சொல்லாதே. புள்ளையோட சந்தோஷத்தை ஏன் கெடுக்கணும்?"

உண்மையைச் சொல்கிறேன், நான் உடனே "முடியாது" என்று சொல்லிவிடவில்லை. மனசு கணக்குப் போட்டது. பத்து நாள்தானே. படி ஏறாமல் இருந்துவிடலாம். சிரித்துக்கொண்டே நின்றுவிடலாம். அவள் புருஷன் வீட்டுக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம். தாயின் மனசு என்று இதற்குத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள் போல. பிறகு எனக்கே தூக்கிவாரிப்போட்டது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எதற்காக ஹாஸிமின் தலையைக் கொய்தேனோ, அதே வேலையை நான் செய்யத் தயாராகிவிட்டேன். இது இந்த ஊர்க் காற்றிலேயே இருக்கிற வியாதி.

கதவு திறந்தது. நெஸ்மா இரண்டு கையிலும் திரைச்சீலைப் பைகளோடு வந்தாள். "அம்மா, இந்த நீலத்தைப் பாரேன், மாமியார் பச்சைதான் வேணும்னு அடம் பிடிக்கறாங்க, நீ ஒரு வார்த்தை..." எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். ரிஃபாத் அவளுக்குப் பின்னால் போய் நின்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த ஈரக் கைகளில் அரிசி ஒட்டியிருந்தது.

"உக்காரு," என்றேன். "எனக்கு நெஞ்சுல இடப்பக்கத் தண்டு அடைச்சிருக்கு. ஏறக்குறைய மூடிடுச்சு. நெஞ்சைத் திறந்து வேற குழாய் வச்சு ஒட்டணும். இந்த வாரமே. பண்ணலன்னா எந்த நேரத்துலயும் போயிடலாம். பண்ணினாலும் போகலாம், ஆனா அதுக்கு வாய்ப்பு கம்மி. உங்க அப்பாவுக்கு மூணு வாரமா தெரியும். எனக்கு இன்னைக்குக் காலைலதான் தெரியும்."

பைகள் அவள் மடியிலிருந்து சரிந்தன. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து அப்பா பக்கம் திரும்பினாள்.

"மூணு வாரமா?" என்றாள். "மூணு வாரமா நான் அம்மாவை மன்ஷிய்யா முழுக்க இழுத்துட்டுத் திரிஞ்சேன்! மெத்தைக் கடையில மாடிக்கு ஏற மாட்டேன்னதுக்குச் சோம்பேறின்னு திட்டினேன். நீ பக்கத்துலதானே நின்ன? என் கையால அம்மாவைக் கொல்ல விட்டிருப்பியேப்பா!"

"கண்ணு, உன் கல்யாணம்..."

"கல்யாணமாம் கல்யாணம்!" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ என்ன பெரிய உத்தமியா? தாடை வலின்னு பல் டாக்டர்கிட்ட போனியே, உடற்கூறு புரொஃபசர்! யார்கிட்டயாவது சொன்னியா? என்கிட்ட சொன்னியா? வாயுன்னு சோடா குடிச்ச!"

மூன்று வாரத்தில் என்னை ஒருவர் திட்டுவது அதுதான் முதல் தடவை. என்ன சொல்ல, தாகத்துக்குத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. நானும் பதிலுக்குக் கத்தினேன். ரிஃபாத்தும் கடைசியில் தாங்கமாட்டாமல் கத்தினார். மூன்று பேரும் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காமல் கத்திக்கொண்டிருந்தோம். அடுப்பில் ஏதோ தீய்ந்தது.

மறுநாள் காலையில் நெஸ்மாவே மண்டபத்துக்குப் போன் செய்து கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா, தேதி மாற்றுவது நல்லதில்லை, ஊர் கண் பட்டுவிடும் என்று இழுத்தாள். "கண்ணு பட்டது எங்கம்மா நெஞ்சுல, உங்க பச்சைத் திரைச்சீலையில இல்ல," என்று சொல்லிவிட்டு வைத்தாள். என் வயிற்றில் பிறந்ததுதான், சந்தேகமே இல்லை.

அறுவைக்கு முந்தின நாள் மாலை. ஆஸ்பத்திரி அறையில் ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. அறுவை டாக்டர் லுத்ஃபி தன் பரிவாரத்தோடு உள்ளே வந்தார். நேராக ரிஃபாத்திடம் போனார், கை கொடுத்தார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார். "நாளைக்குக் காலைல அம்மாவை எடுத்துக்கறோம், ஹாஜ். சின்ன விஷயம்தான். நீங்க தைரியமா இருங்க."

"இங்க திரும்புங்க," என்றேன்.

திரும்பினார்.

"திறக்கப்போறது அவர் நெஞ்சை இல்ல. இங்க சொல்லுங்க, முழுசா."

பாராட்ட வேண்டும், அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னார். மார்புச் சுவரின் உட்பக்கத்துத் தமனியை இறக்கி முன்கிளையில் தைப்பார். காலிலிருந்து ஒரு சிரையை எடுத்துச் சுற்றுக் கிளைக்கு வைப்பார். அந்த நேரத்தில் இதயத்தை நிறுத்தி வைப்பார்கள், இயந்திரம் ரத்தத்தை ஓட்டும். "நூறு பேர்ல ரெண்டு மூணு பேர் மேஜையிலிருந்து திரும்பி வர்றதில்ல, டாக்டரம்மா. உங்களுக்குச் சர்க்கரையும் இருக்கு. அதனால இன்னும் கொஞ்சம் கூட."

"நன்றி," என்றேன். போனார்கள்.

எனக்குத் தெரியாத ஒன்றையும் அவர் சொல்லவில்லை. எத்தனையோ வகுப்பில் நானே சொன்ன எண்கள்தான். ஆனால் வகுப்பில் நான் எப்போதும் அந்த மற்றத் தொண்ணூற்றேழு பேரோடு இருந்தேன். இப்போது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இதயத்தை நிறுத்துவார்கள். என் இதயத்தை. உண்மையைக் கேட்டு வாங்கியாயிற்று, இனி திருப்பிக் கொடுக்க முடியாது.

"ரிஃபாத்," என்றேன். "எனக்குப் பயமா இருக்கு."

அவர் எழுந்து வந்தார். முகத்தில் அந்தப் பாழாய்ப்போன சிரிப்பை ஒட்டிக்கொண்டு, "என்ன பயம்? ஒண்ணும் ஆகாது. நாளைக்குச் சாயங்காலம் நீ மல்லிகை..." என்று ஆரம்பித்தார்.

"பொய் சொல்லாதே!" தொண்டை கிழியக் கத்தினேன். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "இன்னைக்கு ஒரு நாளாவது எங்கிட்ட பொய் சொல்லாதே. உன் காலில விழறேன்."

சிரிப்பு கழன்றது. அதற்கு அடியில் இருந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"எனக்கும் பயமா இருக்கு, இனாயாத்," என்றார். "ஹாஸிம் படத்தைக் காட்டினப்ப எனக்கு ஒண்ணும் புரியல. அவன் முகம் புரிஞ்சுது. கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். நீ பயந்துடுவேன்னு சொன்னதெல்லாம் சும்மா. நீ எதுக்குப் பயந்திருக்க? நான்தான். உங்கிட்ட சொன்னா நான் அழுதுடுவேன். நான் அழுதா அது நிஜம்னு ஆயிடும். அதான்."

தோள் குலுங்கியது. சத்தமே இல்லாமல் அழுதார், குழந்தை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

எனக்குக் கோபம் போய்விடவில்லை. இன்றைக்கும் போகவில்லை, அதை எப்போதும் வைத்துக்கொண்டிருக்கப்போகிறேன். ஆனால் அந்த இரும்புக் கட்டிலில் சுவர்ப்பக்கமாக நகர்ந்து இடம் விட்டேன்.

"செருப்பைக் கழட்டிட்டு ஏறு," என்றேன்.